சுரைக்காய்ச் சாறு குடித்த மாமாவும், ஓடி வந்த தெருவும்: ஒரு நன்றி மடல்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கும், வ.உ.சி. மைதானத்தில் மாமாவோடு காலையில் நடக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

சுரைக்காய்ச் சாறு குடித்து ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாமா வீட்டுக்கு வந்துவிட்டார்கள். குழைந்த சோறும் மோரும்தான் இப்போதைக்கு. கருவாட்டுக் குழம்பு எப்போது என்று கேட்க ஆரம்பித்திருப்பதால் தேறிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்கிறோம். விசாரித்த எல்லாருக்கும் தனித்தனியே பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கீழவீட்டு அண்ணாச்சியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வாந்தியில் ரத்தத்தைப் பார்த்ததும் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணாச்சி பல்கூட விளக்காமல் ஆட்டோவை எடுத்தார்கள். முதலில் போன இடத்தில் வெறும் வாயுத் தொல்லை என்று ஒரு ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். "இங்கன நிக்காதிய, பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்" என்று வண்டியைத் திருப்பியது அண்ணாச்சிதான். இன்றுவரை வாடகை வாங்க மறுக்கிறார்கள். அண்ணாச்சி, ஊரறிய எழுதிவிட்டேன், இனியாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிட்டார் என்று எல்லாரும் கேட்டார்கள். "கசந்துச்சா?" என்று கேட்டது அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா மட்டும்தான். "நல்லா கசந்துச்சு, மருந்துன்னா கசக்கத்தானே செய்யும், ஒரே மடக்கா குடிச்சிட்டேன்" என்றார்கள் மாமா. கொல்லை வேலியில் தானாக முளைத்த சுரைக்கொடியில் காய்த்த காய் அது. சுரை, வெள்ளரி, பூசணிக் குடும்பத்துச் செடிகள் பூச்சியிடமிருந்து தப்பிக்க குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருளைச் செய்துகொள்கின்றன. நாம் வாங்கித் தின்னும் காயில் அது இல்லாத அளவுக்குக் குறைவு. சில காயில் மட்டும் ஏறிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேகவைத்தாலும் போகாது. அதைக் குடித்தால் கொஞ்ச நேரத்திலேயே வாந்தி, வயிற்றுப்போக்கு, சிலருக்கு ரத்த வாந்தி, பிரஷர் இறங்குவது எல்லாம் வரும். முறிவு மருந்து கிடையாது, சலைன் ஏற்றி, வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்துக் காப்பாற்றத்தான் முடியும். 2010-இல் டெல்லியில் சுரைக்காய்ச் சாற்றைப் பாகற்காய்ச் சாற்றோடு கலந்து குடித்த ஒரு விஞ்ஞானி இறந்தே போனார். பாகற்காய் சேர்ந்தால் எந்தக் கசப்பு எதனுடையது என்று எப்படித் தெரியும்? இதன்பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு குழு போட்டு ஆராய்ந்து, சாறு எடுக்கும் முன்னால் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் தூர எறியுங்கள், வேறு சாற்றோடு கலக்காதீர்கள் என்று சொன்னது. மீதிக் காயைக் குப்பையில் போடாமல் கவரில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு மதினிக்கு இந்த இடத்தில் பெரிய கும்பிடு.

வெறும் வயிற்றில் குடித்ததுதான் காரணமா என்று நானும் கேட்டேன். "வேகம் கூடியிருக்கலாம், ஆனா சாப்பிட்டுக் குடிச்சாலும் விஷம் விஷம்தான்" என்றார் டாக்டரம்மா.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 'வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாதவை' என்று போனில் சுற்றுகிற பட்டியலைப் பார்த்து, வருசக்கணக்காகக் காலையில் தின்ற ஏத்தன் வாழைப்பழத்தை மாமா நிறுத்தினார்கள். அந்த இடத்துக்குத்தான் சுரைக்காய்ச் சாறு வந்தது! ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த விலங்கியல் வாத்தியார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பிரித்துப் போட்டார்கள். வாழைப்பழத்து மக்னீசியம் இதயத்தைத் தாக்குமாம். நடுத்தரப் பழத்தில் இருப்பது 30 மில்லிகிராம் அளவுதான். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தக்காளி வயிற்றை அரிக்குமாம். தக்காளியின் அமில அளவு பி.எச். 4-க்குமேல், வயிற்றில் சுரக்கும் அமிலமோ 2-க்குப் பக்கம். எண் குறையக் குறைய அமிலத்தின் கடுமை கூடும். தக்காளியைவிட நூறு மடங்கு கடுமையான அமிலத்தைத் தாங்குகிற வயிறு அது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் தக்காளியும் நாரத்தையும் காலையிலேயே எரியும். அவர்கள் தள்ளிப் போடட்டும்.

வெறும் வயிறு உண்மையிலேயே உயிரை எடுத்த கதை ஒன்றும் வாத்தியார் சொன்னார்கள், அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பீகாரின் முசாபர்பூரில் லிச்சி பழுக்கும் காலத்தில் பிள்ளைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து விழுந்தார்கள். 2014-இல் ஆராய்ந்தபோது, பகலெல்லாம் தோப்பில் லிச்சி தின்றுவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்த பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. லிச்சியிலுள்ள ஹைப்போகிளைசின் என்ற பொருள், சேமித்த கொழுப்பிலிருந்து உடம்பு சக்தி எடுப்பதைத் தடுக்கிறது. ராத்திரிச் சோறும் இல்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். ஊர் பழத்தைத்தான் பேசியது. அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் ராத்திரிச் சோறு இல்லை என்பதைப் பேசியிருக்க வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே வேண்டாம், வயிறு நிறைந்திருந்தாலும் சரி. கேரளத்தில் இரும்பன்புளி என்கிற பிலிம்பிக்காயைக் கொழுப்பு கரையும் என்று சாறு பிழிந்து குடித்துச் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி அங்குள்ள டாக்டர்கள் 2013-இல் எழுதியிருக்கிறார்கள். காரணம் அதிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு. ரெண்டு காயை மீன்குழம்பில் போடுவது வேறு, டம்ளர் டம்ளராகக் குடிப்பது வேறு.

மகாராஜநகர் உழவர் சந்தையில் காய் விற்கும் அக்கா, விசயம் கேள்விப்பட்டதிலிருந்து சுரைக்காய் வாங்கும் எல்லாரிடமும் "வெட்டினதும் நக்கிப் பாருங்க" என்கிறார்களாம். அவர்கள் காயில் எந்தக் குறையும் இல்லை என்பதை நான் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பழி எங்கள் வேலிக்கொடிக்குத்தான். அதைக் கொழுந்தன் பிடுங்கியாகிவிட்டது.

வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அம்பாசமுத்திரத்து ஆச்சி எனக்குத் தூங்க இடம் கொடுத்தார்கள். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. யாராவது சொல்லி அவர்கள் காதுக்கு இது போனால் சந்தோசம். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சியும் துவையலும் மாறி மாறி வந்தது. யார் என்றைக்குக் கொடுத்தனுப்பினீர்கள் என்று குழம்பிப் போயிருக்கிறேன். மூடியில் 'செ' என்று வெட்டிய எவர்சில்வர் தூக்குவாளி ஒன்றும், பிடி ஆடுகிற ஒன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அப்படியே மாமாவையும் பார்த்துவிட்டுப் போகலாம். வரும்போது சாறு எதுவும் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
மேலவீட்டு மருமகள்