வயிற்றில் இருந்ததற்குப் பெயர் தேடித் தந்தவர்களுக்கு

எனக்கு ஊர் பாலக்கோடு பக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். நேரில் நன்றி சொல்ல வாய் வரவில்லை, அதனால் இந்த மடல்.

தவிர்ப்பு ஆளுமைக் கோளாறு என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அதிர்ச்சி இல்லை. கல்யாண வீடு என்றாலே சாக்குச் சொல்வதும், மேனேஜர் கூப்பிட்டால் ஏதோ குற்றம் கண்டுவிட்டார் என்று ஒடுங்குவதும் எனக்கே தெரிந்ததுதான். தெரியாதது வேறு. "இப்ப மனசுல என்ன இருக்கு?" என்று யார் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பேன். ஊரில் அழுத்தக்காரன் என்றார்கள். நான் எதையும் மறைக்கவில்லை, உண்மையாகவே தெரியவில்லை.

அக்கா, 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு முதலில் போன் போட்டது நீ. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் பேசவில்லை. நீ கோபிக்காமல், மறுவாரம் தருமபுரிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாய்.

ஆலோசகர் மேடம், நீங்கள் தந்த தாளில் 20 கேள்விகள். மொத்த மதிப்பெண் 61 வந்தாலே அதிகம் என்றீர்கள், எனக்கு 68. இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர், உணர்வைச் சொல்லச் சொல் இல்லாத நிலை என்பது பொருள், 1970களில் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் கிரேக்கச் சொற்களைக் கோத்து வைத்த பெயர் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். இது தனி நோய் அல்ல, என்னைப் போல ஒதுங்கி வாழ்பவர்கள் பலருக்கும் இருக்கிறது என்றதும் எவ்வளவு ஆறுதல்!

அப்புறம் அந்த நோட்டு. என்ன நடந்தது, உடம்பில் எங்கே என்ன செய்தது, இவ்வளவுதான் எழுதச் சொன்னீர்கள். பெங்களூரா மாங்காய் லோடு வரிசைகட்டி நின்ற ஒரு மதியம், எடைச் சீட்டை எல்லார் முன்பும் தூக்கிக் காட்டி "இதை எவன் போட்டது?" என்றார்கள். வயிறு இறுகியது, காது சுட்டது. ஐந்து வருடமாக அதற்குத்தான் கேஸ் மாத்திரை போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு நீங்கள் காத்திருந்தீர்கள். பயமா, கோபமா என்று எடுத்துக் கொடுக்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம் போயிருக்கும். "அவமானம்" என்றேன். 31 வயதில் நானாகக் கண்டுபிடித்த முதல் சொல்.

லேப் அண்ணா, குடோன் ஓரம் நான் தனியாகச் சாப்பிடும் இடத்துக்கு நீங்களும் டிபன் பாக்ஸோடு வந்து நாலடி தள்ளி உட்கார்ந்தீர்கள். மூன்று மாதம் ஒரு கேள்வி கேட்கவில்லை. களி உருண்டையும் கீரைக் கடைசலும் மூடியில் வைத்து என் பக்கம் நகர்த்துவீர்கள், அவ்வளவுதான். நீங்கள் லீவு போட்ட ஒரு நாள் சோறு இறங்கவில்லை. "தொண்டை அடைக்கிறது" என்று நோட்டில் எழுதினேன். சொல் கிடைக்க இரண்டு நாள் ஆனது.

அண்ணா, அன்றைக்கு எனக்கு உங்களைத் தேடியிருக்கிறது.