ஆன்டிவைரஸ் வாங்கியாச்சு என்று இருந்துவிடாதீர்கள்: தொழிற்பேட்டை முதலாளிகளுக்கு ஒரு மடல்

புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் தொழில் நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

உங்களில் சிலருக்கு நான் கணக்கு எழுதுகிறேன். மாதம் 20ஆம் தேதி நெருங்கினால் ஜிஎஸ்டி வேலையாக உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவன். "எந்த ஆன்டிவைரஸ் நல்லது?" என்று கேட்காத முதலாளி இல்லை. அந்தக் கேள்வி மட்டும் போதாது.

ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை கணக்கு எழுதும் மென்பொருளான டாலியைத் திறந்தால் கம்பெனி பெயரே வரவில்லை. ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தேன். ஃபைல்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலெழுத்து ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே பணம் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் அதே கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பேக்கப் இருக்கிறதே என்று ஹார்ட் டிஸ்கைத் திறந்தோம். ராப்பகலாக அது அந்தக் கம்ப்யூட்டரிலேயே செருகிக் கிடந்திருக்கிறது. அதிலும் அதே நாலெழுத்து. ஆறு மாதப் பில்களை இரண்டு பேர் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம்.

ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரோ, வாங்கியதோ, ஒன்று இருக்கட்டும். பயத்தில் இரண்டு போட்டால் ஒன்றோடொன்று மோதி மெஷின்தான் இழுக்கும். புதிதாக வரும் வைரஸை அது தவறவிடும் நாளுக்கு அடுத்த தடுப்பு என்ன என்பதே என் கவலை.

2017 மே மாதம் இதேபோல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் டெஸ்பாட்ச் மேசையில் இருப்பது எது என்று இன்றே பாருங்கள்.

ஸ்டோர் கீப்பர் முதல் டைப்பிஸ்ட் வரை எல்லோருக்கும் அட்மின் பாஸ்வேர்ட் கொடுத்து வைத்திருக்கிறோம். சாதாரண யூசர் கணக்கு போதும். கொட்டேஷன் என்று மெயிலில் வரும் எக்ஸெல் ஃபைல் 'எனேபிள் கன்டென்ட்' கேட்டால், அழுத்தாமல் அனுப்பியவருக்குப் போன் போடச் சொல்லுங்கள்.

பேக்கப்புக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். எடுத்து முடித்ததும் கழற்றுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். 2011இல் வந்த 'தானே' புயலில் ஷெட் கூரை பறந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, போன வாரப் பில் வருகிறதா என்று பாருங்கள். நான் போன இடங்களில் இப்படிப் பார்க்கிறவர்கள் குறைவு.

மீறி மாட்டினால் முதலில் லேன் வயரைப் பிடுங்குங்கள், பிறகு பேசலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022இல் வந்த உத்தரவு.

அடுத்த 20ஆம் தேதிக்கு நான் வரும்போது அந்த ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரில் தொங்காமல் பீரோவுக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கர்