மூன்று சுழி, இரண்டு சுழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக மொழிகளின் மூக்கொலிகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கடைசிப் பத்தியில், "ண, ந, ன மூன்றும் இன்று பேச்சில் ஒன்றுதான், எழுத்தில் மட்டும் மூன்று எதற்கு?" என்று ஒரு வரி. இரண்டு நாளாக அது என்னைத் தூங்கவிடவில்லை.

"பந்து" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு மேல்பல்லைத் தொடும். "வண்டி" என்றால் நுனி வளைந்து அண்ணத்துக்குப் போகும். நகரமும் னகரமும் பல பேர் வாயில் நெருங்கிவிட்டன, அதை ஒப்புக்கொள்கிறேன். ணகரம் எங்கே நெருங்கியது? பிள்ளைகளுக்குச் சுழியை எண்ணிச் சொல்லிக்கொடுத்ததால் வந்த வினை இது. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயரைச் சொல்லிக்கொடுத்திருந்தால், ட, த, ற எங்கே பிறக்கின்றனவோ அங்கேதான் அவற்றின் இன எழுத்தான ண, ந, ன-வும் பிறக்கிறது, காற்று மட்டும் மூக்கு வழியே போகிறது என்று தானே விளங்கியிருக்கும். தொல்காப்பியர் சொன்னதுதான். தாங்கள் அறியாததில்லை.

எங்கள் ஊரான மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் 26 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். ஒருமுறை கேரளாவிலிருந்து லோடு ஏற்ற வந்த டிரைவர் ஐஸ் பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து, "ஞண்டு எத்ர கிலோ?" என்று கேட்டார். எடை போட்டுக்கொண்டிருந்த பெண்களும் நானும் சிரித்துவிட்டோம். பழந்தமிழிலும் அது ஞண்டுதான் என்று அப்புறம் எங்கள் ஊர்த் தமிழாசிரியர் சொன்னார். அந்த டிரைவர் முகத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மலையாளத்தில் ந, ன இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். ஆனாலும் வாயில் இரண்டையும் பிரித்துச் சொல்கிறார்கள். நம்மிடம் இரண்டுக்கும் எழுத்து இருக்கிறது. அதில் ஒன்றைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள்.

பப்புவா நியூகினியில் உள்ள பூகன்வில் தீவின் ரோட்டோகாஸ் மொழி மூக்கொலி இல்லாமலே நடக்கிறது என்று கட்டுரையாளர் சான்று காட்டுகிறார். நானும் தேடிப் படித்தேன். அம்மொழியின் நடு வட்டார வழக்குக்குத்தான் அது பொருந்தும். அய்ட்டா வழக்கில் மூக்கொலி உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்து லஷூட்ஸீட் மொழியில் ம, ன ஒலிகள் ஆங்கில 'பி' (b), 'டி' (d) ஒலிகளாக மாறிப்போயின. அது அந்த மக்கள் வாயில் தானாக நடந்த மாற்றம். எழுத்து மிச்சம் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போடவில்லை.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சளி பிடித்து மூக்கு அடைத்த நேரத்தில் "அம்மா" என்று வாசித்தாள். அது "அப்பா" போலக் கேட்டது. உச்சரிப்பு சரியில்லை என்று பள்ளியில் வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை "அம்மா" சொல்லிப் பார்த்திருந்தால் அந்த ஆசிரியைக்கே புரிந்திருக்கும். அதே மகளின் கல்யாணப் பத்திரிகையில் அச்சகத்தார் "திருமனம்" என்று போட்டுக் கொடுத்தார்கள். 400 பத்திரிகை. என் மனைவி கறுப்புப் பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு சுழி கூட்டினாள்.

தங்கள் நாளிதழும் எங்களை விடவில்லை. ஜூன் 14-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பின. மறுநாள் "மீனவர்கள் பனிக்குத் திரும்பினர்" என்று தலைப்பு. எங்கள் ஊரை "மன்டபம்" என்று இந்த ஆண்டு மட்டும் மூன்று முறை அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

இப்போது கேட்பது இவ்வளவுதான். வரும் ஞாயிறு இணைப்பில், இந்த மூன்று எழுத்துக்கும் நாக்கு எங்கே படும் என்று படத்தோடு உள்ளங்கை அளவில் ஒரு கட்டம் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிடுவதானால், ஊர்ப் பெயரை மூன்று சுழி ண போட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்