இராட்சதர்களின் கதையையும் முழுதாகச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் வெளிவந்த, வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நடை எளிமையாக இருந்தது. ஆனால் இராட்சதர்கள் எல்லோரும் தேவர்களைத் தாக்க வந்து, இடிக்கடவுளான தோரின் சம்மட்டிக்கு இரையாகிறவர்களாக மட்டுமே காட்டப்பட்டிருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் ஏட்டிலேறிய, இக்கதைகளுக்கு மூலமான ‘எட்டா’ என்னும் நூல்களில் இவ்விரு குலங்களும் அவ்வளவு எளிதாகப் பிரிவதில்லை. தேவர்களின் தலைவனான ஓடினின் தாய் பெஸ்ட்லா, இராட்சதக் குலத்தில் பிறந்தவள். ஓடினும் அவன் உடன்பிறந்தார் இருவரும் இமிர் என்னும் ஆதி இராட்சதனைக் கொன்று, அவன் சதையை மண்ணாகவும் குருதியைக் கடலாகவும் எலும்புகளை மலைகளாகவும் மண்டையோட்டை வானமாகவும் அமைத்தார்கள் என்றால், அவர்கள் உலகைப் படைத்ததே தாய்வழிக் குலத்தின் மூதாதையைக் கொன்றுதான். திரைப்படம் பார்த்துவிட்டு லோகியைத் தோரின் தம்பி என்று நம்பும் பிள்ளைகள் எங்கள் பகுதியில் ஏராளம். மூலத்தில் அவன் ஃபார்பௌட்டி என்ற இராட்சதனின் மகன், ஓடினோடு இரத்தம் கலந்து உறவு பூண்டவன். தேவர்களுக்கும் இராட்சதர்களுக்கும் நடக்கும் இறுதிப் போரில் தீயோடு வரும் சூர்ட் போன்ற பகைவர்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தரும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். 1220-ஐ ஒட்டி ஐஸ்லாந்துப் புலவர் ஸ்னோரி ஸ்டர்லசன் எழுதிய எட்டாவிலிருந்து, ஹீமிர் என்ற இராட்சதனோடு தோர் மீன்பிடிக்கப் போன கதையை அவர்களுக்குச் சொன்னேன். ஹீமிரின் எருதுகளில் மிகப் பெரியதன் தலையைத் திருகியெடுத்துத் தூண்டிலில் குத்திக்கொண்டு, அவன் எச்சரித்தும் கேளாமல், உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பு வாழும் ஆழத்துக்குத் தோர் துடுப்புப் போடுகிறான். பாம்பு மாட்டி இழுக்கையில் தோரின் கால்கள் படகின் அடிப்பலகையைத் துளைத்துக் கடலின் தரையில் போய் ஊன்றுகின்றன. தண்ணீர் உள்ளே பாய்கிறது. சம்மட்டியை அவன் ஓங்கும் நேரத்தில் ஹீமிர் இரை நறுக்கும் கத்தியால் தூண்டில் கயிற்றை அறுத்துவிடுகிறான். அதற்காகத் தோர் அவனைக் காதோரம் குத்திக் கடலில் வீழ்த்துகிறான். விசைப்படகில் வேலை செய்பவரின் மகன் உடனே, "அறுக்கலன்னா போட்டே மூழ்கிடும் டீச்சர், அவரு செஞ்சதுதான் கரெக்ட்டு" என்றான். ஹீமிரைக் கோழை என்று எழுதுகிறவர்கள் இந்தப் பிள்ளையின் தீர்ப்பைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆகவே, எட்டாக் கதைகளை மூலத்தை ஒட்டித் தமிழில் ஒரு தொடராக வெளியிடுமாறு வேண்டுகிறேன். ஸ்காடியில் தொடங்கலாம். இராட்சதனான தன் தந்தை தியாசியைத் தேவர்கள் கொன்றதற்குப் பழிவாங்க, கவசமும் ஆயுதமும் பூண்டு அவர்கள் இருப்பிடத்துக்கே வந்து நின்ற பெண் அவள். தேவர்கள் அவளோடு போரிடவில்லை. ஈடு தருவதாகச் சமாதானம் பேசினார்கள். பாதங்களை மட்டுமே பார்த்துக் கணவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையின்படி, கடற்கரையில் வாழும் தேவனான ந்யோர்டை அவள் மணந்தாள். கடற்பறவைகளின் கூச்சலில் அவளுக்கும், அவளது மலையில் ஓநாய்களின் ஊளையில் அவனுக்கும் உறக்கம் பிடிக்காமல் இருவரும் பிரிந்ததைப் படிக்கும் பிள்ளைகள், யார் பக்கம் நியாயம் என்பதைத் தாமே பேசி முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இராயபுரம், சென்னை - 13