மட்டாஞ்சேரி நடை பரதேசி ஆலயத்தோடு முடிய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் பயணப் பகுதியில் கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வயதானவர்களும் குழந்தைகளும் சிரமமின்றி நடக்கக்கூடிய பாதை என்று அதில் சொல்லியிருப்பது சரிதான். அரண்மனை வாசலிலிருந்து தெருவின் தென்கோடி வரை ஒரு கிலோமீட்டர்கூட இராது, ஏற்ற இறக்கம் இல்லாத சமதரை. ஆனால், ஏறக்குறைய எல்லாச் சுற்றுலாக் கையேடுகளையும் போலவே, அந்தக் கட்டுரையும் பரதேசி ஜெப ஆலயத்தைக் காட்டிவிட்டு, எஞ்சிய தெருவைப் பழம்பொருள் கடைகளுக்கு விட்டுவிட்டது. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் தொழுத இடங்களில் ஒன்றுகூட அதில் இடம்பெறவில்லை. அந்த நடையை எப்படி நீட்டிக்கொள்ளலாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

கேரளத்தில் யூதர்களுக்கு எட்டு ஆலயங்கள் இருந்தன. மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று. இவற்றில் 1568-இல் எழுந்த பரதேசி ஆலயம் ஒன்று மட்டுமே ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்டு வந்தவர்களுக்கும், மேற்காசியாவிலிருந்து வந்து அவர்களோடு சேர்ந்தவர்களுக்கும் உரியது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற பொருளில் அவர்களுக்குப் பரதேசிகள் என்று பெயர். மற்ற ஏழும், அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கொடுங்கல்லூர்க் கரையில் குடியேறி, மலையாளம் பேசி, மிளகு வாணிகம் செய்து வாழ்ந்த மலபார் யூதர்களுடையவை. எண்ணிக்கையில் சிறுபான்மையினரின் ஆலயத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கொச்சி யூதர்களைப் பார்த்துவிட்டோம் என்று திரும்புவதைத்தான் ஏற்க முடியவில்லை.

பரதேசி ஆலயத்தின் அருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றால் காலுக்கடியில் குளிர்ந்து கிடக்கும் சீன ஓடுகளை அவசரமின்றிக் குனிந்து பார்க்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் காண்டன் நகரிலிருந்து கப்பலில் வந்த அந்த ஓடுகளில், வெள்ளைப் பரப்பின் மேல் நீல மையால் மரங்களையும் செடிகொடிகளையும் கையால் தீட்டியிருக்கிறார்கள். ஒரு ஓட்டில் அழுத்தமாக விழுந்த தூரிகை அடுத்த ஓட்டில் மெலிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அவற்றை வரவழைத்தவர் எசேக்கியேல் ரஹபி என்ற வணிகர். 1760-இல் வாசலருகே மணிக்கூண்டைக் கட்டுவித்தவரும் அவரே. அந்தக் கூண்டில் அரண்மனையை நோக்கிய முகத்தில் மலையாள எண்களும், ஆலயத்தை நோக்கிய முகத்தில் எபிரேய எழுத்துகளும், தெருவை நோக்கிய முகத்தில் ரோமன் எண்களும் உள்ளன. நுழைவுச் சீட்டு வாங்கும் அவசரத்தில் பலர் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. ஆலயத்தின் நான்காம் நூற்றாண்டு விழா 1968-இல் நடந்தபோது பிரதமர் இந்திரா காந்தி நேரில் கலந்துகொண்டார் என்பதையும், அஞ்சல்தலை வெளியிடப்பட்டது என்பதையும் தங்கள் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. இந்த ஆலயத்தின் பாதுகாப்பில் உள்ள செப்பேடுகள், கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்தவை. வட்டெழுத்தில் பொறித்த அந்தச் சாசனம் அவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும், பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, வடுகப்பறை, காகளம், தோரணம் உள்ளிட்ட எழுபத்திரண்டு விருதுகளையும் வழங்குகிறது. நம் ஊர்க் கோயில் கல்வெட்டுகளோடு பழகியவர்கள் அகராதியின் துணையில்லாமலே இதன் பெரும்பகுதியைப் புரிந்துகொள்வார்கள். மன்னர் இந்தச் சிறப்பை வழங்கியது கொடுங்கல்லூரில் வாழ்ந்த பழைய யூத சமூகத்துக்கு. பரதேசிகள் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தது அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு.

சமத்துவம் என்ற பேச்சு வந்தால் இந்தத் தெரு அவ்வளவு இனிமையானதும் அல்ல. பரதேசிகள் மலபார் யூதர்களைத் தங்களுக்கு நிகராகக் கருதவில்லை. அவர்களோடு மண உறவும் வைத்துக்கொள்ளவில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்குப் பரதேசி ஆலயத்துக்குள் சரிசமமான இருக்கை கிடையாது, யூத வேதமான தோராவை வாசிக்கும் அழைப்பும் கிடையாது. அந்தப் பிரிவில் 1882-இல் பிறந்து, சென்னையில் படித்து வழக்கறிஞரான ஏ.பி. சேலம் காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் சொந்த ஆலயத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. யூத காந்தி என்று அவரை அழைப்பதுண்டு. தெருவின் ஒரு பகுதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சாதியின் நிழல் படாத மதம் எதுவும் இந்த மண்ணில் இல்லை போலும் என்று அங்கே நிற்கும்போது எனக்குத் தோன்றியது. வழிகாட்டிகள் இந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை. சரவிளக்குகள் பெல்ஜியத்திலிருந்து வந்தவை என்பதை மட்டும் எல்லோரும் தவறாமல் சொல்கிறார்கள்.

ஆலயத்திலிருந்து வெளியே வந்ததும் வண்டியைத் தேடாமல் தெற்கே நடக்க வேண்டும். மிளகு முன்பேர வாணிகம் நடந்த சங்கக் கட்டடத்தையும் சுக்கு, ஏலம் மணக்கும் கிடங்குகளையும் கடந்தால், தெருக்கோடியில் கடவும்பாகம் ஆலயம் இருந்த இடம் வரும். 1544-இல் கட்டப்பட்டது, அதாவது பரதேசி ஆலயத்தைவிட மூத்தது. தொழுதவர்கள் 1950-களில் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிறகு, கட்டடம் கயிறும் பிற சரக்கும் அடுக்கும் கிடங்காயிற்று. தாமரை முதலான செதுக்கல்களும் வண்ணப்பூச்சும் கொண்ட அதன் மர விதானமும் உள்வேலைப்பாடுகளும் 1990-களில் கழற்றப்பட்டு ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவை குளிரூட்டிய கூடத்தில் புத்தம் புதிதுபோல் இருக்கின்றன. இங்கே மட்டாஞ்சேரியில் நின்ற வெறும் சுவர்களின் முகப்பு 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அருங்காட்சியகம் எடுத்துச் சென்றிராவிட்டால் அந்த மர வேலையும் மழையில் ஊறிப் போயிருக்கும் என்று வாதிடலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு கட்டடத்தின் உள்ளுறுப்பைக் கடல் கடந்து காப்பாற்ற முடிந்தபோது, அதன் கூரையையும் சுவரையும் இருக்கும் இடத்திலேயே காக்க இத்தனை ஆண்டுகளாக எவருக்கும் மனம் வரவில்லை என்பதை எப்படி ஒப்புக்கொள்வது? மூன்றாவதான தெக்கும்பாகம் ஆலயம் 1960-களிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. பார்க்க எதுவும் இல்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், குடியிருப்புகளுக்கு நடுவே ஒடுங்கிய சந்தில், நெஹெமியா மூத்தா என்ற யூத ஞானியின் கல்லறை இருக்கிறது. அதைச் சூழ்ந்திருந்த பழைய இடுகாடு மறைந்து வீடுகளாகிவிட்டது. இந்த ஒன்று மட்டும் வெள்ளையடித்து நிற்கிறது. அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் நேர்ச்சை வைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இதற்கு நுழைவுச் சீட்டு இல்லை. முகவரி தெரியாவிட்டால் அந்தப் பகுதியில் யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். இப்போதுள்ள யூத இடுகாடு பெரும்பாலும் பூட்டியே இருப்பதால் அதற்காகத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

கால் அனுமதித்தால் அன்று மாலையே படகில் எர்ணாகுளத்துக்குத் திரும்பி, மார்க்கெட் சாலையில் அதே கடவும்பாகம் என்ற பெயரில் உள்ள இன்னோர் ஆலயத்தையும் பார்க்கலாம். முன்புறம் செடிகளும் அலங்கார மீன்களும் விற்கும் கடை. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, தொட்டிகளுக்கு இடையே ஒதுங்கிப் பின்னால் போனால், பெண்களுக்கான மாடமும், அதை ஒட்டியே தோரா வாசிக்க அமைத்த இரண்டாவது மேடையும் கேரள ஆலயங்களுக்கே உரிய முறையில் இருப்பதைக் காணலாம். பரதேசி ஆலயத்திலும் அதே அமைப்புத்தான் என்பதை இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்களே கவனிப்பார்கள். தாங்கள் நிகர் என்று ஏற்காத மலபார் யூதர்களிடமிருந்தே பரதேசிகள் கட்டடக்கலையைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்!

வெள்ளி, சனி இரு நாட்களிலும் யூதப் பண்டிகைகளிலும் பரதேசி ஆலயம் பார்வையாளர்களுக்கு இல்லை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் வெள்ளி விடுமுறை. நண்பகலில் ஆலயத்தை மூடுவதால் காலையிலேயே போவது நல்லது. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். வார இறுதி என்று சனிக்கிழமை கிளம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் நம் ஊர்க்காரர்கள் ஏராளம் என்பதால், இந்த விவரம் கட்டுரையில் விடுபட்டதை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன். வரைபடம் அச்சிடுவதாக இருந்தால், இடிந்த கடவும்பாகத்தையும் நெஹெமியா மூத்தா கல்லறையையும் அதில் குறித்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்