அப்பம்மா விட்டுவைத்த இடம்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஆர்ஜென்டினாவிலிருந்து திரும்பி வந்த மறுநாள் கொட்டாஞ்சேனை வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, "அங்கை என்ன பார்த்தனி?" என்று நீங்கள் கேட்டீர்கள். கடல் போல அகன்ற ஆற்றைப் பற்றியும், சுரைக்குடுவையில் குழல் வைத்து உறிஞ்சும் அவர்களுடைய மாத்தே பானத்தைப் பற்றியும் சொன்னேன். ஊர் திரும்பியும் மனத்தை விட்டு அகலாத இடத்தை மட்டும் சொல்லவில்லை. அது ஒரு சேமக்காலை. அந்தச் சொல் காதில் விழுந்தாலே நீங்கள் எழுந்து குசினிக்குள் போய்விடுவீர்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வந்து, பேத்தியின் கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, நான் இங்கே எழுதுவதை ஒன்றுவிடாமல் வாசிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நேரில் கேட்க முடியாத ஒன்றைக் கேட்க வேண்டியிருப்பதால், இந்த முறை உங்களுக்கென்றே எழுதுகிறேன். எங்களைப் போல ஒரு பெயரை வாய்க்குள்ளேயே வைத்திருக்கும் வேறு வீடுகளும் கொழும்பில் இருக்கின்றன. அவர்களும் வாசிக்கட்டும்.

பயிற்சிக்காகப் புவெனஸ் அயர்ஸில் தங்கியிருந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பிலார் மாதா கோவிலில் பூசை கண்டேன். 1732இல் கட்டிமுடித்த வெள்ளைக் கோவில் அது. ஒரு காலத்தில் அதனோடு சேர்ந்திருந்த துறவிகளின் தோட்டத்தை அரசு எடுத்து 1822இல் பொது மயானமாக்கியது. துறவிகளின் சபைப் பெயரே இடத்துக்கும் நிலைத்து, இன்று ரெக்கோலெத்தா என்றால் உலகம் முழுவதும் அறிந்த கல்லறை நகரமாகிவிட்டது. வாசலில் பருத்த தூண்கள் நிற்கின்றன. மேலே தெருவைப் பார்க்கும் பக்கத்தில் "சமாதானத்தில் இளைப்பாறுவார்களாக" என்று இலத்தீனில் வெட்டியிருக்கிறார்கள். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் மறுபக்கத்தில் "ஆண்டவருக்காகக் காத்திருக்கிறோம்" என்று இருக்கிறது. முதலாவது உயிரோடிருப்பவர்கள் சொல்வது, இரண்டாவது உள்ளே கிடப்பவர்கள் சொல்லும் மறுமொழி. அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

உள்ளே புல்லும் மண்ணும் கிடையாது. கறுவாத்தோட்டத்து மாளிகைகளை எல்லாம் சுருக்கி, ஒழுங்கைகளின் இருபுறமும் தோளோடு தோள் முட்ட நெருக்கி வைத்ததைப் போல, ஐந்தரை ஹெக்டேயரில் ஏறத்தாழ 4,700 கல்லறை வீடுகள் இருக்கின்றன. இத்தாலிய சலவைக்கல், வெண்கலக் கதவு, குவிமாடம், அழும் சம்மனசுகள், வாசல் நிலையில் குடும்பப் பெயர். கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டிப் பார்த்தால் சிறிய பீடமும், சிலுவையும், இருபக்கத் தட்டுகளில் பிரேதப்பெட்டிகளும், கீழறைக்கு இறங்கும் ஒடுங்கிய படிகளும் தெரியும். மாட்டிறைச்சியிலும் கோதுமையிலும் அந்த நாடு கொழித்த காலத்துச் செல்வர்கள், தெருவில் கட்டிய வீட்டுக்கு இணையாக இங்கேயும் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரு வீட்டின் முன் மட்டும் அதிக நேரம் நின்றேன். கதவுக் கண்ணாடியில் ஒரு சில் உடைந்திருந்தது. உள்ளே பெட்டியின் மேல் விரித்த பின்னல் துணி, நீங்கள் பீடத்துக்குப் பின்னிக் கொடுப்பீர்களே, அதே மாதிரியானது, மழை நீர் பட்டுத் தேயிலைச் சாயம் போலப் பழுப்பேறி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. பூச்சாடி உருண்டிருந்தது. கதவின் சங்கிலியில் தொங்கிய பூட்டு முழுவதும் துருப்பிடித்திருந்தது. அதைத் திறக்க ஆள் வந்து எத்தனை வருடமோ! நிலைக்கு மேலே பெயர் மட்டும் நேற்று வெட்டியதைப் போலத் தெளிவாக இருந்தது.

அங்கே வேலை செய்த காவலாளி ஒருவருடைய கல்லறையும் இருக்கிறது. தாவீத் அல்லேனோ என்று பெயர். செல்வர்களின் வாசல்களைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அந்த மாளிகைகளுக்கிடையில் தனக்கும் ஒரு துண்டு இடம் வாங்கி, விளக்குமாறும் திறப்புக்கோர்வையும் பூவாளியுமாகத் தன் உருவத்தைக் கல்லில் செதுக்குவித்துக்கொண்டவர். அதை வீண் ஆடம்பரம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தன் பெயர் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்று ஏழையும் ஆசைப்பட்டிருக்கிறார்.

கூட்டம் எல்லாம் போவது ஏவா பெரோனின் கல்லறைக்குத்தான். நீங்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாட்டுத் தலைவரின் மனைவி, ஏழைகள் "ஏவித்தா" என்று கொண்டாடிய பெண், 1952 ஜூலை 26ஆம் திகதி 33 வயதில் புற்றுநோயால் இறந்தவர். உடல் கெடாதபடி பதப்படுத்தி வைத்திருந்தார்கள். 1955இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், மக்கள் அந்த உடலைச் சுற்றித் திரண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் அதைக் கடத்திக்கொண்டு போய் இடத்துக்கு இடம் மறைத்தது. பிறகு இத்தாலியின் மிலான் நகரில் வேறொரு பெண்ணின் பெயரைக் கல்லில் எழுதிப் புதைத்துவிட்டார்கள். 1971இல்தான் தோண்டியெடுத்து, ஸ்பெயினில் இருந்த கணவரிடம் கொடுத்தார்கள். அதற்கிடையில் அந்த உடலைக் கவர்ந்த ஆட்சியின் தலைவர் அராம்புரு கொல்லப்பட்டு, இதே ரெக்கோலெத்தாவில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். ஏவித்தாவைத் திருப்பிக் கொண்டுவராவிட்டால் இவரையும் தரமாட்டோம் என்று 1974இல் ஒரு குழு அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. உடல்களைப் பணயம் வைத்த காலம் அது. அந்த ஆண்டே ஏவித்தா நாடு திரும்பினார். 1976இல் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

பெரிய மாளிகை ஒன்றை எதிர்பார்த்துப் போனேன். ஒடுங்கிய ஒழுங்கையில், கறுப்புக் கல்லில், மற்றவற்றை விட அடக்கமான கல்லறை. நிலைக்கு மேலே அவருடைய பெயர் கூட இல்லை. பிறந்த வீட்டாரான துவார்த்தே குடும்பம் என்றுதான் இருக்கிறது. கதவுக் கம்பிகளுக்கிடையில் யாரோ செருகிவிட்டுப் போன பூக்கள் இருந்தன. இருபது வருடத்துக்கு மேல் அலைக்கழிந்த ஓர் உடலுக்குக் கடைசியில் கிடைத்தது, சொந்தக்காரரின் கல்லறையில் ஓர் இடம். எனக்கு உடனே பெரியப்பாவின் நினைவு வந்தது. இதை எழுதுவதற்கு என்னை மன்னியுங்கள்.

அந்தக் கிழமை வியாழக்கிழமை, தலையில் வெள்ளைத் துணி கட்டிய முதிய தாய்மார் மாயோ சதுக்கத்தைச் சுற்றி நடந்ததையும் பார்த்தேன். 1976இலிருந்து 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாத பிள்ளைகளைக் கேட்டு, 1977 ஏப்ரலில் தொடங்கிய நடை அது. எங்களுக்கு எல்லாம் எரிந்த அதே ஆண்டில்தான் அவர்களுக்கு அந்த ஆட்சி முடிந்திருக்கிறது. 1984இல் இளம் மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த தடயவியல் குழு, பெயரில்லாத குழிகளைத் தோண்டி, எலும்புகளை அடையாளம் கண்டு, குடும்பங்களிடம் ஒப்படைத்து வருகிறது. அவற்றை ஏற்று அடக்கம் செய்த தாய்மார் உண்டு. வேண்டாம், உயிரோடு கொண்டுபோனவனை உயிரோடு தா என்று தோண்டுவதையே எதிர்த்த தாய்மாரும் உண்டு. இந்த இரண்டாவது வகைத் தாய்மாரைப் பற்றிக் கேட்டபோது நான் திகைக்கவில்லை, பெரியம்மா. எனக்கு அந்தக் குரல் பழக்கமானது. "கல்லிலை பேர் வெட்டினால் அவரை நானே கொன்றதாய்ப் போயிடும்" என்று நீங்கள் அப்பாவிடம் சொன்னதைச் சிறு வயதில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன்.

வந்த அடுத்த சனிக்கிழமை நான் பொரளையிலுள்ள கனத்தை மயானத்துக்குப் போனேன். நீங்கள் 1983க்குப் பிறகு அந்த வாசலுக்குள் கால் வைத்ததில்லை. அப்பம்மாவை அடக்கம் செய்த நாளில் கூட நீங்கள் கோவிலோடு நின்றுவிட்டீர்கள். ஏன் என்று உங்களை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. ஜூலை 23ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரை மறுநாள் ஞாயிறு மாலை அந்தக் கனத்தையில்தான் அடக்கம் செய்ய இருந்தார்கள். உடல்கள் வரத் தாமதமாகத் தாமதமாகக் கூட்டம் பெருகியது. அன்றிரவு பொரளையில் மூட்டிய தீ விடிந்ததும் நகரம் முழுவதற்கும் பரவியது. திங்கள் காலை கோட்டைக்கு வேலைக்குப் போன பெரியப்பா திரும்பி வரவில்லை. அவரைத் தேடி நீங்கள் ஏறி இறங்கிய இடங்களில், முறைப்பாட்டைப் பதிந்துகொள்ளவே மறுத்தவர்கள் இருந்தார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

கனத்தையிலும் செல்வந்தர்களின் கல்லறைகள் இருக்கின்றன. கூரையும் தூணும் இரும்புக் கதவும் வைத்தவை, சம்மனசு நிற்பவை. அவற்றைத் தாண்டி, அரலியா மரங்களுக்கிடையில் அரை மணி நேரம் தேடித்தான் எங்களுடையதைக் கண்டுபிடித்தேன். கல் பச்சைப் பாசி பிடித்திருந்தது. போத்தலில் கொண்டுபோன தண்ணீரை ஊற்றித் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தேன். முதலில் அப்பப்பாவின் பெயர் வந்தது, பிறகு அப்பம்மாவின் பெயர். அதற்குக் கீழே இன்னும் எழுத்து இருக்கும் என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே போனேன். ஒன்றும் இல்லை. மூன்று வரி கொள்ளும் அளவுக்கு வெறும் கல். அப்பம்மாவின் பெயரை அப்பப்பாவின் பெயரோடு ஒட்டினாற்போல மேலே நெருக்கி வெட்டியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அன்று பின்னேரம் அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். 1991இல், இறப்பதற்குச் சில நாள் முன், அப்பம்மா அவரைக் கூப்பிட்டு, "என்ரை பேரை மேலை தள்ளி வெட்டுங்கோ, மூத்தவனுக்குக் கீழை இடம் விடுங்கோ" என்றாராம். உங்களிடம் அதைச் சொல்ல அப்பாவுக்குத் துணிவு வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அந்த இடம் அப்படியே பாசி பிடித்துக் கிடந்திருக்கிறது.

பெரியம்மா, நான் கேட்பது மாளிகை அல்ல, அடக்கமும் அல்ல. அந்த இடத்தில் பெரியப்பாவின் பெயரை வெட்ட எனக்கு அனுமதி தாருங்கள். பெயரும் பிறந்த திகதியும் மட்டும். அதற்குப் பிறகு வேறு திகதி வேண்டாம், "மறைவு" என்ற சொல்லும் வேண்டாம். கல் வெட்டுபவரிடம் விசாரித்துவிட்டேன், அப்படி வெட்டலாம் என்றார். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், அப்பம்மா விட்டுவைத்த இடம் அப்படியே இருக்கட்டும். அதைப் பாசி மூடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

எப்படியும் நவம்பர் 2ஆம் திகதி, மரித்தோர் திருநாளன்று, மாலை நான்கு மணிக்கு வாகனத்தோடு வீட்டு வாசலில் நிற்பேன். கனத்தை வாசலைக் கண்டதும் மனம் மறுத்தால் நீங்கள் வாகனத்துக்குள்ளேயே இருந்து செபமாலை சொல்லுங்கள். நான் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிறேன்.

ஒரேயொரு உதவி மட்டும் வேண்டும். பெரியப்பாவின் பெயரைத் தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று அப்பாவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடச் சான்றிதழ்களில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கலியாணத்துக்கு முன் அவர் உங்களுக்குத் தமிழில் கடிதம் எழுதியதாகவும், அவற்றில் சிலவற்றைத் தையல் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறீர்கள் என்றும் பேத்தி சொன்னாள். அவற்றில் ஒன்றின் கடைசி வரியை, அவர் கையெழுத்திட்ட இடத்தை மட்டும், அவளிடம் காட்டிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்