முதலில் எக்ஸ்ரே

அன்புள்ள வாயாடிக்கு,

உன் மூன்று கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? சோடாபுட்டி போன மாதம் வந்து போனான். அதே பாட்டு, அதே இடத்தில் அதே பிசிறு. நீ இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பாய்.

சரி, விஷயம் இதுதான். செவ்வாய் இரவு எங்கள் விலங்கு மீட்புக் கொட்டகைக்கு ஒரு பெண்மானைக் கொண்டுவந்தார்கள். வண்டி மோதியிருக்கிறது. முன்னங்காலில் தோல் கிழிந்து தொங்கியது. எல்லார் கண்ணும் அந்தக் காயத்தில்தான். எனக்குப் பின்பக்கம்தான் உறுத்தியது. எழப் பார்த்தபோது இடுப்பு கூடவே வரவில்லை.

அந்தப் பழைய கிடாய்மானை நீ மறந்திருக்க மாட்டாய். காலுக்குக் கட்டுப் போட்டு நான்கு நாள் வைத்திருந்தோம். ஐந்தாம் நாள் எக்ஸ்ரே படம் எடுத்தால் முதுகெலும்பு முறிந்திருக்கிறது. அந்த நான்கு நாள் வேதனை அதற்கு எதற்கு? இன்றுவரை எனக்குப் பதில் இல்லை.

அதனால் இந்த முறை முதலில் எக்ஸ்ரே என்று பிடிவாதமாக நின்றேன். டாக்டர் தயங்கினார். அவர் தயக்கத்திலும் நியாயம் உண்டு. மானைப் பிடிப்பதே அதற்கு ஆபத்து. பயந்து திமிறும்போது தசைகளே சிதைந்து, பல நாள் கழித்துக்கூட செத்துப்போகும். கேப்ச்சர் மயோபதி என்று அன்று நமக்கு வகுப்பெடுத்தாரே, அதுதான். மயக்க ஊசி போட்டால் வேறு கவலை. அசைபோடும் விலங்கு, வயிறு உப்பும், இரை மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். நான் சொன்னது ஒன்றுதான்: எப்படியும் காயத்தைத் தைக்க மயக்கப்போகிறீர்கள், அதே மயக்கத்தில் முதலில் படத்தை எடுத்துவிடுங்கள்.

கண்ணைத் துணியால் மூடினோம். அறையில் ஒருவர் வாயும் திறக்கவில்லை. (நீ அங்கே இல்லாததும் நல்லதுதான்!) எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, மூக்கு கீழே சரிந்திருக்கும்படி தலையை நான் உயர்த்திப் பிடித்தேன்.

பக்கவாட்டில் எடுத்த படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இடுப்பின் இரண்டு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைத்துவிடுகிறது. மல்லாக்கத் திருப்பிச் சட்டென்று இன்னொன்று எடுத்தோம். இரண்டு பக்கமும் முறிவு. எலும்பு உள்ளே தள்ளி, குட்டி வெளிவரும் வழியே குறுகிப்போயிருந்தது.

அப்படியே விட்டிருந்தால் ஒருவேளை எலும்பு கூடி நடந்திருக்கும். ஆனால் குட்டி போடும் நேரத்தில், எங்கோ புதருக்குள், தனியாகச் செத்திருக்கும். எலும்பு கூடும்வரை வாரக்கணக்கில் அடைத்து வைக்கவும் வளர்ந்த காட்டுமான் தாங்காது, வேலியில் மோதியே இன்னொரு காலை உடைத்துக்கொள்ளும். மயக்கம் தெளியும் முன்பே டாக்டர் அதன் உயிரை முடித்துவைத்தார். தலை என் கையில்தான் இருந்தது.

மறுநாள் ஒரு மான்குட்டி வந்தது. கணுவுக்கு மேலே எலும்பில் ஒரு கோடு; முறிவு என்றே எல்லாரும் முடிவுகட்டிவிட்டோம். டாக்டர் நல்ல காலையும் படமெடுக்கச் சொன்னார். அதே இடத்தில் அதே கோடு! எலும்பு வளரும் தட்டு அது, குட்டிகளுக்கு இன்னும் மூடாமல் இருக்கும். அடிபட்ட வீக்கம்தான். தேவையில்லாத மாவுக்கட்டிலிருந்து தப்பித்தது. மறுநாள் மாலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டோம், தாய் தூரத்தில் நின்றிருந்தது. அப்புறம் நான் அழுதேன், வண்டிக்குள் உட்கார்ந்து.

இங்கே ஒருவர் கேட்கிறார், "படம் எடுத்து அந்தப் பெண்மானைக் காப்பாற்றினீர்களா?" என்று. இல்லை. நான்கு நாள் வேதனையிலிருந்து காப்பாற்றினோம். அதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை, அந்தக் கோபத்தில்தான் இவ்வளவு நீளம்.

இப்போது எங்கள் கவலையெல்லாம் கையில் தூக்கிப்போகும் எக்ஸ்ரே கருவி ஒன்றுதான். மானை ஊர் தாண்டி ஏற்றிப்போகாமல் கொட்டகையிலேயே எடுத்துவிடலாம். உன் அண்ணன் வேலை பார்க்கும் இடத்தில் பழசை மாற்றப்போவதாகச் சொன்னாயே. கேட்டுப் பார். இந்த வாரமே கேள். அவன் முகம் சுளித்தாலும் விடாதே, அந்த வாய் வேறு எதற்கு இருக்கிறது?

உன்
நெட்டை